வள்ளியூரிலிருந்து பார்த்தால் செக் மொழி

கமில் ஸ்வெலபில் என்ற பெயர் தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்குப் புதிதல்ல. 1927இல் பிராக் நகரில் பிறந்த செக்காரர் அவர். தமிழ் இலக்கியத்தைப் பற்றி 1973இல் ஆங்கிலத்தில் ஒரு பெரிய நூலை எழுதி, அதற்கு ‘முருகனின் புன்னகை’ என்று பொருள்படும் தலைப்பை வைத்தார். குன்றைக் குடைந்த முருகன் கோயிலைக் கொண்ட வள்ளியூர்க்காரர்களுக்கு அந்தத் தலைப்பைக் கேட்டதுமே மனம் குளிரும். ஆனால் அவர் செய்த இன்னொரு வேலையை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. 1959 முதல், பிராக்கிலிருந்து வெளிவரும் ‘ஆர்க்கிவ் ஓரியந்தால்னி’ ஆய்விதழில் தமிழின் வட்டாரப் பேச்சுகளைப் பற்றி அவர் கட்டுரைகள் எழுதினார். பேச்சுத்தமிழைக் கொச்சை என்று ஒதுக்கும் பழக்கம் இங்கே வலுவாக இருந்த காலம் அது.

அவருடைய தாய்மொழியைக் கொஞ்சம் அறிந்துகொண்டால் இந்த அக்கறை வியப்பாகத் தோன்றாது. எழுத ஒரு நடை, பேச ஒரு நடை என்று நம்மைப் போலவே இரண்டு நடைகளோடு வாழ்பவர்கள் செக் மக்கள். அதுமட்டுமல்ல. வேற்றுமைகளை எண்ணிட்டுச் சொல்வது, குறில் நெடில் பார்ப்பது, ஆளைக் கூப்பிடத் தனி உருவம் வைத்திருப்பது என்று தமிழ் இலக்கணம் படித்தவருக்குப் பழகிய பல பாதைகள் அந்த மொழியில் இருக்கின்றன. இவற்றில் எதுவும் உறவுமுறையால் வந்ததல்ல. அதனால்தான் எனக்கு இது இன்னும் பெரிய செய்தியாகப் படுகிறது.

செக் மொழியைப் பேசுவோர் ஏறத்தாழ 1 கோடிப் பேர். இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தில் ஸ்லாவியக் கிளை. அதிலும் மேற்குப் பிரிவு. போலிஷ் நெருங்கிய உறவு, ஸ்லோவாக் உடன்பிறப்பு. செக்காரரும் ஸ்லோவாக்காரரும் அவரவர் மொழியிலேயே பேசிப் புரிந்துகொள்வார்கள். ரஷ்ய மொழி சற்றுத் தள்ளி. சமஸ்கிருதம் தூரத்துப் பங்காளி. செக்கில் நெருப்பு ‘ஒஹென்ய்’, கைம்பெண் ‘வ்தொவ’, பகல் ‘தென்’, வானம் ‘நெபெ’, கறுப்பு ‘செர்னீ’. அக்னி, விதவை, தினம், நபம், கிருஷ்ண என்ற வடசொற்களோடு இவை ஒரே வேரில் பிறந்தவை. தமிழ் இந்தக் குடும்பத்தில் சேராது. அதை ஒப்பிலக்கணமாக 1856இல் எழுதி நிறுவிய ராபர்ட் கால்டுவெல் குடியிருந்தது நம் பக்கத்து இடையன்குடியில். திராவிட மொழிகளுக்கு நடு ஆசிய மொழிகளோடு தொடர்பு இருக்கக்கூடும் என்றும் அவர் கருதினார். நூறாண்டுகளுக்கும் மேல் கழித்து, அதே கேள்வியைத் தமிழும் மங்கோலியமும் கற்ற யரொஸ்லாவ் வாசெக் என்ற செக் அறிஞர் பிராக்கின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு ஆராய்ந்தார். அந்த உறவை இன்றும் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. ஆனால் இடையன்குடியில் எழுந்த ஒரு கேள்வி பிராக் வரை போயிருக்கிறது.

செக் சொற்கள் நாம் அறியாமலே நம் வீடுகளுக்குள்ளும் வந்திருக்கின்றன. பாட்டா செருப்பு, ஸ்லீன் என்ற செக் ஊரில் தொமாஷ் பத்ய 1894இல் தொடங்கிய நிறுவனத்துடையது. நாம் ஸ்கோடா என்பது அவர்கள் வாயில் ‘ஷ்கொத’. 1960களில் மைசூரில் செய்யப்பட்ட ஜாவா மோட்டார் சைக்கிளை அவர்கள் ‘யவ’ என்பார்கள். திருச்சியின் பாய்லர் ஆலையும் அதே காலத்தில் செக்கோஸ்லோவாகியாவின் உதவியோடு எழுந்ததுதான். ‘ரோபோ’ என்ற சொல் கரெல் சாபெக் 1920இல் வெளியிட்ட நாடகத்திலிருந்து உலகெங்கும் பரவியது. பண்ணையாருக்குக் கூலியின்றிச் செய்ய வேண்டிய கட்டாய உழைப்பைக் குறித்த ‘ரொபொத’ அதன் மூலம். நம் கல்வெட்டுகள் ‘வெட்டி’ என்று சொல்லும் ஊழியத்தைப் போன்றது.

இனி மொழிக்குள் போவோம். செக்கில் குறிலும் நெடிலும் பொருளை மாற்றும். ‘பஸ்’ என்றால் கடவுச்சீட்டு, ‘பாஸ்’ என்றால் இடுப்பு வார். ஆங்கிலம் பேசுவோருக்கு இது பெருந்தொல்லை. படு, பாடு என்று பேசிப் பழகிய நமக்கு இதில் சிரமமே இல்லை. நெடிலைக் காட்ட எழுத்தின் தலையில் ஒரு சிறு கோடு போடுவார்கள். சொல்லின் அழுத்தம் எப்போதும் முதல் அசையில். நெடில் இரண்டாவது அசையில் இருந்தாலும் அழுத்தம் முதல் அசையை விட்டு நகராது.

எழுத்துமுறை லத்தீன்தான். ஆனால் லத்தீனில் இல்லாத ச், ஷ் போன்ற ஒலிகளைப் பழைய செக்காரர்கள் இரண்டு மூன்று எழுத்துகளைக் கூட்டி எழுதிக் குழம்பிக்கொண்டிருந்தார்கள். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரு ஒலிக்கு ஒரு எழுத்து போதும், மேலே ஒரு புள்ளி வைத்து வேறுபடுத்தலாம் என்று ஒரு சிறு லத்தீன் நூல் வழிகாட்டியது. அதை எழுதியவர் சமயச் சீர்திருத்தவாதி யான் ஹுஸ் என்பது மரபு. 1415 ஜூலை 6 அன்று கொன்ஸ்டன்ஸ் நகரில் அவரை உயிரோடு எரித்தார்கள். அவர் வைத்த புள்ளி பின்னாளில் சிறு கொக்கியாக வளைந்து, இன்று ஷ்கொத, சாபெக் ஆகிய பெயர்களின் முதலெழுத்துகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மெய்யெழுத்துக்கு மேலே புள்ளி வைத்த தமிழருக்கு இந்த உபாயம் அந்நியமாகப் படாது.

உச்சரிப்பில் செக்காரர்களே பெருமையாகச் சொல்லும் ஒலி ஒன்று உண்டு. நாக்கு நுனி ரகரத்துக்கு அதிர்கிற அதே நொடியில் ஷகரத்தின் காற்றும் உரசிக்கொண்டு வெளிவர வேண்டும். இசைமேதை த்வொர்ஷாக்கின் பெயர் நடுவில் வருவது அதுதான். ர், ஷ் என்று நான் இரண்டாகப் பிரித்து எழுதினாலும் அது ஒற்றை ஒலி. செக் குழந்தைகள் கடைசியாகக் கற்கும் ஒலிகளில் ஒன்று. பலருக்குப் பயிற்சி கொடுத்துத்தான் வரவைக்கிறார்கள். நமக்கு ழகரம் போல. நெல்லைச் சீமையில் ‘வாளப்பளம்’, ‘மள பெய்யுது’ என்றுதான் பெரும்பாலான வாய்கள் பேசுகின்றன. பள்ளிக்கூடத்தில் ழகரத்தைத் தனியாகப் பழக்க வேண்டியிருக்கிறது.

செக் மொழியைப் பற்றிப் பேசும் எவரும் உயிரெழுத்தே இல்லாத அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் விடமாட்டார்கள்: ‘ஸ்த்ர்ச் ப்ர்ஸ்த் ஸ்க்ர்ஸ் க்ர்க்’. விரலைத் தொண்டை வழியே விடு என்று பொருள். மெய் தனித்து இயங்காது, உயிர்தான் அதை இயக்கும் என்று படித்த நமக்கு இது நம்ப முடியாத கூத்து. ஆனால் இதில் மாயம் ஏதும் இல்லை. ரகரமும் லகரமும் மூச்சை முழுதாக அடைக்காத ஒலிகள். அவற்றை இழுத்து ஒலிக்க முடியும். இழுக்க முடிந்தால் அசையின் நடுவில் நின்று உயிரின் வேலையைச் செய்யவும் முடியும். செக்கில் ஓநாய் ‘வ்ல்க்’, சமஸ்கிருதத்தில் அதுவே ‘வ்ருக’. சமஸ்கிருதம் ருகரத்தை உயிரெழுத்து வரிசையிலேயே வைத்திருப்பதும் இந்தக் காரணத்தால்தான்.

வேற்றுமைக்கு வந்தால் தமிழ் மாணவருக்குச் சொந்த ஊருக்கு வந்த நிம்மதி. செக்கில் வேற்றுமைகள் ஏழு. பள்ளியில் அவற்றைப் பெயர் சொல்லிப் படிப்பதைவிட முதலாம் வேற்றுமை, இரண்டாம் வேற்றுமை என்று எண் சொல்லியே படிக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி: மூன்றாவதுக்கு யாருக்கு, எதற்கு, நான்காவதுக்கு யாரை, எதை. ஐந்தாவதுக்குக் கேள்வி இல்லை, அது விளி. தொல்காப்பியம் எட்டாவதாக வைத்து விளிமரபு என்று தனி இயலே ஒதுக்கியிருக்கிறதே, அதே விளி. கரெல் என்பவரைக் கூப்பிட்டால் ‘கர்லெ’, யன என்ற பெண்ணைக் கூப்பிட்டால் ‘யனொ’, தொமாஷ் என்றால் ‘தொமாஷி’. பெயரை அப்படியே சொல்லிக் கூப்பிட்டால் பிழையாகக் காதில் விழும். ரஷ்ய மொழி இந்த வேற்றுமையைக் கிட்டத்தட்டத் தொலைத்துவிட்டது, செக் விடவில்லை.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். நம் ‘கு’ உருபு எங்கே போனாலும் ‘கு’தான். அண்ணாச்சிக்கு, மரத்துக்கு, பிள்ளைகளுக்கு: பன்மைக்கு ஒரு துண்டு, வேற்றுமைக்கு ஒரு துண்டு, வரிசையாக ஒட்டிக்கொண்டே போகலாம். செக்கில் பால், எண், வேற்றுமை மூன்றும் ஒரே விகுதிக்குள் கரைந்துவிடும். பான் (ஐயா) என்றால் ஐயாவுக்கு ‘பானொவி’. ஜென (பெண்) என்றால் பெண்ணுக்கு ‘ஜென்யெ’. ம்யெஸ்தொ (நகரம்) என்றால் நகரத்துக்கு ‘ம்யெஸ்து’. பன்மையில் மறுபடி வேறு. பெயர்ச்சொற்களை 14 மாதிரிகளாகப் பிரித்து, மாதிரிக்கு ஒரு அட்டவணை என்று செக் குழந்தைகள் மனப்பாடம் செய்கிறார்கள். மேசை ஆண்பால், புத்தகம் பெண்பால், சன்னல் இரண்டும் இல்லை. பொருளைப் பார்த்துத் திணை பிரிக்கும் நமக்கு இதில் பிடிமானமே கிடைக்காது.

பிடிமானம் கிடைக்கும் ஓர் இடம் உண்டு. நம் பேச்சைக் கூர்ந்து பாருங்கள். ‘காப்பி குடிச்சேன்’, ‘பஸ் புடிச்சேன்’ என்போம். ஐ உருபு தேவைப்படாது. ஆனால் ‘மாமா பாத்தேன்’ என்று எவரும் சொல்லமாட்டார்கள். ‘மாமாவைப் பாத்தேன்’ என்றுதான் வர வேண்டும். காப்பி ஒருவரைக் குடிக்காது, பஸ் ஒருவரைப் பிடிக்காது. மாமாவோ பார்க்கவும் செய்வார், பார்க்கப்படவும் செய்வார். செய்கிறவராக இருக்கக்கூடியவர் செயப்படுபொருளாக வரும்போது மொழி அதற்கு அடையாளம் கேட்கிறது. செக்கின் ஆண்பால் பெயர்களிலும் இதே ஏற்பாடுதான். ‘விதீம் ஹ்ரத்’ என்றால் கோட்டையைப் பார்க்கிறேன்; ஹ்ரத் என்ற சொல் மாறவே இல்லை. ‘விதீம் பான’ என்றால் ஐயாவைப் பார்க்கிறேன்; பான் ‘பான’ ஆகிவிட்டது. உயிருள்ளதற்கு மாற்றம், உயிரற்றதற்கு இல்லை. கோடு கிழிக்கும் இடம் மட்டும் வேறு: நாய் நமக்கு அஃறிணை, செக்கில் அது மனிதரோடு ஒரே வகுப்பு. இந்தியிலும் ஸ்பானியத்திலும்கூட இந்த ஏற்பாடு உண்டு. தொடர்பே இல்லாத மொழிகள் ஒரே சிக்கலுக்கு ஒரே தீர்வைத் தனித்தனியாகக் கண்டுபிடித்திருக்கின்றன என்பதுதான் மொழியியலில் என்னை ஈர்க்கும் உண்மை.

வினைச்சொல்லிலும் இப்படி ஒரு சந்திப்பு இருக்கிறது. ‘எழுதுதேன்’ என்பதற்கும் ‘எழுதிட்டேன்’ என்பதற்கும் நடுவே, வேலை நடக்கிறதா முடிந்ததா என்ற வேறுபாட்டை நாம் ‘விடு’ என்ற துணைவினையால் காட்டுகிறோம். செக் அதை முன்னொட்டால் காட்டும். ‘பீஷு’ என்றால் எழுதுகிறேன். ‘ந’ சேர்த்து ‘நபீஷு’ என்றால் எழுதி முடிப்பேன். முடிந்த வேலைக்கு நிகழ்காலம் இருக்க முடியாது என்பதால், நிகழ்கால வடிவத்திலேயே அது எதிர்காலப் பொருளைக் கொண்டுவிடுகிறது. ‘நான்’ என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நம்மைப் போலவே வினைவிகுதி போதும். இறந்தகாலத்தில் மட்டும் பேசுகிறவர் ஆணா பெண்ணா என்பது தெரிந்துவிடும்: எழுதினேன் என்று ஆண் சொன்னால் ‘ப்ஸல் ஸெம்’, பெண் சொன்னால் ‘ப்ஸல ஸெம்’. மரியாதைக்கு நீ, நீங்கள் என்ற இரண்டு படிகள் அவர்களுக்கும் உண்டு. ‘எங்கவே போறீரு?’ என்று கேட்கிற நெல்லைக்காரருக்கு நடுவில் ‘நீரு’ என்ற மூன்றாவது படியும் இருக்கிறது. அது அவர்களிடம் இல்லை.

எழுதும்போது செக் குழந்தைகள் படும் பாடு நம் பிள்ளைகள் படும் பாடுதான். இகரம் என்ற ஒரே ஒலிக்கு இரண்டு எழுத்துகள். ஒரு காலத்தில் இரண்டும் வெவ்வேறு ஒலிகளாக இருந்தன. இப்போது காதுக்கு வேறுபாடு இல்லை, எழுத்தில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. எந்தச் சொல்லுக்கு எது என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறார்கள். சொல்வதெழுதலில் ளகரமா ழகரமா, ரகரமா றகரமா என்று தடுமாறும் பிள்ளையை அறிந்த எந்த ஆசிரியருக்கும் இதை விளக்க வேண்டாம்.

இப்போது அந்த இரட்டை நடைக்கு வருகிறேன். எழுத்துச் செக்கில் சன்னல் ‘ஒக்னொ’. பிராக் தெருவில் ‘வொக்னொ’. நல்ல என்பது எழுத்தில் ‘தொப்ரீ’, வாயில் ‘தொப்ரெய்’. பால் எழுத்தில் ‘ம்லேகொ’, வாயில் ‘ம்லீகொ’. இருப்பது எழுத்தில் ‘பீத்’, வாயில் ‘பெய்த்’. ஒக்னொ எப்படி வொக்னொ ஆயிற்று என்று தெரிந்துகொள்ள நம் வாயையே கவனித்தால் போதும். ‘ஒண்ணு’ என்று சொல்லிப் பாருங்கள். ‘வொண்ணு’ என்றுதானே வருகிறது? ஒகரத்துக்காக உதடு குவியும்போது, ஒலி தொடங்கும் முன்பே ஒரு சிறு வகரம் ஒட்டிக்கொள்கிறது. எகரத்துக்கு நாக்கு முன்னே எழுவதால் ‘எலி’ ‘யெலி’ ஆகிறது. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, உறவில்லாத மொழியில், அதே உதட்டின் அதே அசைவு.

அங்கே இந்தப் பிளவு வந்த கதை சுருக்கமானது. 1620 நவம்பரில் வெள்ளை மலைப் போரில் செக் பிரபுக்கள் ஹாப்ஸ்பர்க் பேரரசரிடம் தோற்றார்கள். அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளில் ஆட்சி, கல்வி, நகர வாழ்க்கை எல்லாம் மெல்ல ஜெர்மனுக்குப் போயின. செக் பெரும்பாலும் கிராமத்தார், எளிய மக்களின் வாயில் தங்கியது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மொழியை மீட்க வந்தவர்களில் முதல்வர் யோசெப் தொப்ரொவ்ஸ்கி. 1809இல் வெளியான அவருடைய பெரிய செக் இலக்கணத்தை அவர் எழுதியதே ஜெர்மனில். படித்தவர்களின் மொழி அன்று அதுதான். எந்தச் செக்குக்கு இலக்கணம் எழுதுவது என்ற கேள்விக்கு அவர் தேர்ந்தது தன் காலத்துப் பேச்சையல்ல. 1579 முதல் 1593 வரை வெளிவந்த க்ரலிட்ஸெ என்னும் செக் விவிலியத்தின் காலத்துச் செம்மொழியை. யோசெப் யுங்மன் 1834 முதல் 1839 வரை ஐந்து தொகுதிகளில் செக்-ஜெர்மன் அகராதி வெளியிட்டு, இல்லாத சொற்களைப் போலிஷிலிருந்தும் ரஷ்யத்திலிருந்தும் எடுத்துக்கொண்டார். இடையில் மக்களின் வாய் இரண்டு நூற்றாண்டுத் தூரம் நடந்துவிட்டிருந்தது. பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவிலான இடைவெளி அந்தத் தூரம்தான். நாம் 13ஆம் நூற்றாண்டின் நன்னூலை அடியொற்றி இன்றும் எழுதிக்கொண்டிருப்பதை இதனோடு வைத்துப் பார்க்கலாம். நம் இடைவெளி அவர்களுடையதைவிடப் பெரிது. ‘சொல்லுகிறேன்’ என்று எழுதி ‘சொல்லுதேன்’ என்று பேசும் நாம், எழுத்துநடையில் வீட்டில் வாய் திறந்தால் நாடகம் போடுவதாகத் தோன்றும். செக்காரர்கள் இரண்டையும் ஒரே பேச்சில் கலந்து பேசுவார்கள். செக் நாட்டின் மொராவியாப் பகுதி மக்கள் பிராக் பேச்சை அவ்வளவாக ஏற்பதும் இல்லை. அவர்களுக்கு அவர்கள் வட்டாரப் பேச்சு.

யரொஸ்லாவ் ஹாஷெக் 1921இல் எழுதத் தொடங்கிய ‘ஷ்வெய்க்’ நாவலில் பாத்திரங்கள் தெருப் பேச்சே பேசுகிறார்கள். 1930களில் புதுமைப்பித்தன் திருநெல்வேலிப் பேச்சைக் கதைக்குள் கொண்டுவந்ததும் அதே துணிவுதான். மொழியியலில் இன்னும் பெரிய திருப்பம் 1926இல் விலேம் மதெஸியுஸ் தொடங்கிய பிராக் மொழியியல் வட்டத்தால் வந்தது. பழைய நூல்களை வைத்துக்கொண்டு இன்றைய எழுத்தாளரைத் திருத்துகிற தூய்மைவாதிகளை அவர்கள் 1932இல் நேருக்கு நேர் எதிர்த்தார்கள். ஒரு நடை சரியா என்பதை அது செய்யும் வேலையை வைத்தே சொல்ல வேண்டும் என்றார்கள். நீதிமன்றத்துக்கு ஒரு நடை, அடுப்படிக்கு ஒரு நடை; இரண்டில் எதுவும் மற்றதன் சிதைவு இல்லை. அந்த நகரத்தில் மொழி படித்த ஸ்வெலபிலுக்கு, கொச்சை என்று நாம் ஒதுக்கியது ஆராய வேண்டிய மொழியாகத் தெரிந்ததில் வியப்பென்ன? 1968இல் சோவியத் டாங்கிகள் பிராக்கில் நுழைந்த பிறகு அவர் நாட்டைவிட்டு வெளியேறி, நெதர்லாந்தில் பேராசிரியராக இருந்து, 2009இல் பிரான்ஸில் காலமானார்.

செக்காரர்கள் தங்கள் பேச்சைத் தற்செயலுக்கு விட்டுவிடவில்லை. 1992 முதல் 2005 வரை ஐந்து தொகுதிகளில் செக் மொழி நிலப்படத்தை வெளியிட்டார்கள். எந்த ஊரில் எந்தச் சொல், எந்த ஒலி என்று வரைபடத்தில் பார்க்கலாம். சார்லஸ் பல்கலைக்கழகத்தில் 1994இல் தொடங்கிய தேசிய மொழித் தொகுப்பில், சாதாரண மக்கள் வீட்டில் பேசிய பேச்சும் பதிவாகி, எழுத்தாக்கப்பட்டு, தேடிப் பார்க்கும்படி இருக்கிறது. 1 கோடிப் பேரின் மொழிக்கு இது நடந்திருக்கிறது.

வள்ளியூர், பணகுடி, நாங்குநேரி, திசையன்விளை பக்கத்து வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் ஆச்சி இருந்தால், விவசாயமோ பனையேற்றோ பார்த்த தாத்தா இருந்தால், அவர்கள் சம்மதத்தோடு கைபேசியில் அரைமணி நேரம் பேச வையுங்கள். ஊர், ஆண்டு, வயது, செய்த தொழில் நான்கையும் கூடவே குறித்து வையுங்கள். பிறகு கேட்டு எழுதும்போது, ‘வந்தாவ’ என்று காதில் விழுந்தால் ‘வந்தாவ’ என்றே எழுதுங்கள். ‘வந்தார்கள்’ என்று திருத்தாதீர்கள்.